ஸ்பாஸ்கா சொன்னதும் ஊர் கேட்டதும்

எங்கள் ஊரில் ஸ்பாஸ்காவைப் பற்றி விசாரித்தால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். மேயர் ஆட்களைக் கேட்டால், "எதிர்க்கட்சிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டுப் பேசினவ" என்பார்கள். எதிர்க்கட்சிக்காரர்களைக் கேட்டால், "மேயர்கிட்ட விலை போனவ" என்பார்கள். அவள் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் வீட்டுக் கதவைத் திறந்தால் என் வீட்டுக் கதவுதான் தெரியும். அவள் குளிர்சாதனப் பெட்டியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதுவரை எனக்கு அத்துப்படி. ஆனால் வெலா என்கிற என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் நம்ப மாட்டார்கள். நான் எந்தக் கட்சி என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

காமென்ப்ரெக் பல்கேரியாவின் வடமேற்கு மூலையில் இருக்கிற சின்ன ஊர். இளைஞர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். மிச்சம் இருப்பவர்களில் பாதிப்பேர் நகராட்சிச் சம்பளத்தில். ஸ்பாஸ்கா இங்கே மழலையர் பள்ளியில் சமையல்காரியாக இருந்தாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவள் கீழ்ப்படியில் நின்று சிரித்தால் மேல்மாடியில் இருப்பவர்கள் என்ன விஷயம் என்று எட்டிப் பார்ப்பார்கள். புருஷன் எப்போதோ பிரிந்து போய்விட்டான். மகள் நெலி ஸ்பெயினில் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலையில் இருந்தாள். பக்கத்தில் என்று இருந்தவன் தம்பி அசென் ஒருவன்தான்.

அசென் எங்கள் கட்டடத்திலேயே ஒரு மாடி மேலே இருந்தான். நகராட்சி பஸ் ஓட்டுபவன். மேயர் வெலினொவ் போட்டுக் கொடுத்த வேலை அது. முதலில் வேலைக்காக மேயரைப் புகழ்ந்தான். சொல்லிச் சொல்லி, பிறகு அதை மனதாரவே நம்ப ஆரம்பித்துவிட்டான். அவன் வீட்டு டிவி காலையில் போட்டால் படுக்கும்வரை ஓடும். அக்காளுக்கு அரசியல் ஆகாது. எங்கள் நாட்டில் தேர்தல் மழையைவிட அடிக்கடி வந்த காலம் அது. ஒவ்வொரு தடவையும் ஸ்பாஸ்கா நல்ல உடை போட்டுக்கொண்டு போய் வாக்குப் போடுவாள். யாருக்கு என்று சொல்ல மாட்டாள். "எவன் வந்தாலும் நான்தான் முட்டைக்கோசு நறுக்கணும்" என்பாள்.

அந்தக் கோடையில் அணை வற்றியது. குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. துரு வாடை. வெளுத்த துணி பழுப்பேறியது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று மருந்துக்கடைக்குத் தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள். நான் அந்தக் கடையில்தான் வேலை பார்க்கிறேன். உள்ளூர் டிவி தினமும், "குடிநீர் தரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே இருக்கிறது" என்று சொன்னது. அந்த டிவியைப் பிழைக்க வைப்பது நகராட்சிப் பணம்தான் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் செய்தி நேரத்தில் எல்லா ஜன்னலிலும் அந்த நீல வெளிச்சம்தான்.

ஒருநாள் மேயர் மழலையர் பள்ளிக்கு வருகிறார், டிவிக்காரர்களும் கூட வருகிறார்கள் என்று தலைமையாசிரியை மிலேவா பரபரத்தாள். ஸ்பாஸ்காவிடம் வந்து, "சாலையோர ஊத்துலேருந்து நல்ல தண்ணி ஒரு ஜாடி பிடிச்சு வச்சிடு. விருந்தாளிக்குப் போய் இந்தக் கண்றாவியவா குடுக்கிறது?" என்றாள். ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் ஒரு ஊற்று உண்டு. அந்த வழியாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் குடித்துவிட்டுப் போவார்கள். ஸ்பாஸ்கா அங்கே போய்ப் பிடித்து வந்து குளிரவைத்தாள். உபசாரம் என்றுதான் நினைத்தாள்.

மேயர் வந்தார். சமையலறையில் கேமரா முன்னால் நின்று அந்த ஜாடியிலிருந்து ஊற்றிக் குடித்தார். பிறகு ஸ்பாஸ்காவிடம் ஒரு தம்ளரை நீட்டி, "நீங்களும் ஒரு வாய் குடிங்கக்கா. எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. ஜில்லுன்னு இருக்கு."

அவ்வளவுதான். அன்று மாலை செய்தியில் அந்தத் தம்ளர் வந்தது, அவள் முகம் வந்தது. "குழாய் நீர் தூய்மையானது: பிள்ளைகளுக்குச் சமைப்பவரே உறுதி" என்று கீழே எழுத்து ஓடியது.

நாங்கள் கட்டடத்துக்குப் பின்னால் குடமிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தோம். குளிர்காலத் தொக்குக்கு. ஸ்பாஸ்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஊத்துத் தண்ணியக் குடிச்சுட்டு குழாய்த் தண்ணின்னு சொல்றான் வெலா! வாயத் தொடச்சான் பாரு, என்னமோ தாய்ப்பால் குடிச்ச மாதிரி!"

"நீயும்தானே குடிச்சே?" என்றேன்.

"அத இப்படிக் காட்டுவானுங்கன்னு நான் கண்டேனா? தண்ணி எப்படின்னு கேட்டான். நல்லாருக்குன்னேன். நல்லாத்தானே இருந்துச்சு?"

மூன்று நான்கு நாள் கழித்து அவள் ரத்த அழுத்த மாத்திரை வாங்க என் கடைக்கு வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் ரலித்சா என்ற இளம்தாய், உப்புச் சர்க்கரைப் பொடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கைக்குழந்தையை மாவட்ட மருத்துவமனையில் சேர்த்து நரம்பில் மருந்து ஏற்றியிருந்தார்கள். திரும்பிய ரலித்சா ஸ்பாஸ்காவைப் பார்த்தாள்.

"நீங்க டிவில சொன்னீங்களேக்கா. அதுவரைக்கும் பாட்டில் தண்ணிதான் வாங்கிட்டிருந்தேன். நீங்க சொன்னப்புறம்தான் குழாய்த் தண்ணில பால் கரைச்சேன்."

அவள் சண்டை போடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. பொடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஸ்பாஸ்கா மாத்திரையை வாங்காமலே வெளியே நடந்தாள். நான் கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

மறுநாள் அவள் உள்ளூர் டிவி அலுவலகத்துக்குப் போனாள். அன்று மேயரோடு வந்த நிருபர் தெஸி, சிறுவயதில் ஸ்பாஸ்கா கையால் சாப்பிட்டு வளர்ந்த பெண்.

"தெஸி கண்ணு, அது ஊத்துத் தண்ணின்னு ஒரு வார்த்தை போட்டுடும்மா. என் வாயால ஒரு குழந்தை ஆஸ்பத்திரில கெடக்கு."

தெஸி கதவைச் சாத்தினாள். "எனக்குத் தெரியாதா அக்கா? ஜாடில தண்ணி பளிங்கா இருந்துச்சு, குழாயத் தொறந்தா பழுப்பா வருது. ஆனா நான் அதைப் போட்டா நாளைக்கே எனக்கு இங்க நாற்காலி கிடையாது."

"அப்ப உங்க டிவில எதுடி உண்மை?"

"வானிலை அறிக்கை. அதுவும் தலைநகர்லேருந்து வர்றதால."

அந்தப் பெண் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் ஸ்பாஸ்கா என்னிடம் வந்து சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "எல்லாம் தெரிஞ்சிருக்குடி அவளுக்கு. தெரிஞ்சே வாசிக்கிறா. உதட்டுச் சாயம்கூட கலையல" என்றாள்.

டிவி வேண்டாம் என்றால் எங்கள் ஊரில் இன்னொரு வாசல்தான் உண்டு. ஸ்டாமென். 'காமென்ப்ரெக் உண்மை' என்று இணையத்தில் செய்தி நடத்திக்கொண்டிருந்தான். முன்பு மேயருக்கு மேடைப்பேச்சு எழுதிக் கொடுத்தவன் அவன். மச்சானுக்குக் கேட்ட பதவி கிடைக்கவில்லை என்று பிரிந்தான். பிரிந்த மறுவாரமே ஊரில் ஊழல் இருப்பது அவன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. நான் போகாதே என்றேன். "உண்மைய எங்கயாவது சொல்லித்தானே ஆகணும்?" என்று அவள் போனாள்.

அவன் அவளை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, நிதானமாகப் பேசவிட்டுப் படம் பிடித்தான். ஜாடி, ஊற்று, மிலேவா சொன்னது, ரலித்சாவின் குழந்தை, எல்லாவற்றையும் அவள் சொன்னாள். வெளிவந்தது இப்படி: 'பிஞ்சுகளுக்கு விஷம்! மேயர் சதிக்குச் சமையல்காரி ஒப்புதல் வாக்குமூலம். நாற்பது குழந்தைகள் மருத்துவமனையில், மறைக்கிறது நகராட்சி.' கீழே அவள் முகம், "நான்தான் ஊத்தி வச்சேன்" என்கிற துண்டு மட்டும். எதை ஊற்றினாள் என்பது இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டாகிவிட்டது. உண்மையில் அது முன்பே இரண்டாகத்தான் இருந்தது. மேயர் கட்சிக்காரர்கள் ஜாடி விஷயத்தையும் பொய் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் நாற்பது குழந்தைகளையும் நம்பினார்கள். ஒருத்தராவது மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டாரா என்றால் இல்லை. எதற்குக் கேட்க வேண்டும்? எதை நம்புவது என்று எல்லோரும் தேர்தலிலேயே முடிவு செய்துவிட்டார்களே!

பள்ளியில் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். மிலேவா அவள் கண்ணைப் பார்த்தே, "ஜாடியா? நான் எப்ப ஜாடி வைக்கச் சொன்னேன்?" என்று கேட்டாளாம். அசென் வந்து கதவை இடித்த இடியில் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படம் ஆடியது.

"எனக்குச் சோறு போடுற ஆள் மேல சேத்த வாரிப் பூசிருக்கியே, உனக்கு அறிவிருக்கா?"

"சேறு குழாய்ல வருதுடா. தொறந்து பாரு."

"டிவில நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க!"

"டிவில சொன்னது நான்தான்டா முட்டாளே!"

அவன் மேலே போனான். கொஞ்ச நேரத்தில் அவன் வீட்டு டிவியின் சத்தம் இன்னும் கூடியது.

ஸ்பாஸ்கா ஸ்டாமெனிடம் திரும்பப் போனாள். ஒரு குழந்தை என்றுதானே சொன்னேன், நாற்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அவன் வெட்கப்படவே இல்லை.

"ஒரு குழந்தைன்னா எவன் படிப்பான் அக்கா? மேயர் கெட்டவனா இல்லையா? கெட்டவன். அப்ப கணக்கு முன்னப்பின்ன இருந்தா என்ன? நோக்கம் நல்லதுதானே."

அந்த வார இறுதியில் நகராட்சி முன்னால் போராட்டம். காலிப் பாட்டில்களும் பழுப்புத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களுமாகக் கூட்டம். நானும் ஸ்பாஸ்காவோடு போனேன். அவளைக் கண்டதும் கைதட்டினார்கள், "ஸ்பாஸ்கா! ஸ்பாஸ்கா!" என்று கத்தினார்கள், மேடையில் ஏற்றினார்கள். அவள் ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். நாற்பது குழந்தை இல்ல. ஒண்ணு. எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு குழந்தை. அதுவே போதாதா? ஒண்ணுக்காக இங்க வந்து நிக்கமாட்டீங்களா?"

கைதட்டல் அப்படியே அறுந்தது. முதலில் யாரோ சீழ்க்கையடித்தார்கள். பிறகு ஒரு குரல், "எவ்வளவு வாங்கினே?" என்றது. அதை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். "எவ்வளவு வாங்கினே? எவ்வளவு வாங்கினே?" என்று பாட்டுப் போலப் பாடினார்கள். ஒரு பாட்டில் வந்து அவள் தோளில் பட்டு, பழுப்புத் தண்ணீர் அவள் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. ஸ்டாமென் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டான். கூட்டத்தில் ரலித்சாவும் நின்றாள். அவள் கத்தவில்லை. ஆனால் எங்கள் பக்கமும் வரவில்லை.

அன்று மாலை உள்ளூர் டிவியில் அதே பேச்சு வந்தது. "நாற்பது குழந்தை இல்ல" என்பதோடு நிறுத்திவிட்டார்கள். 'எதிர்க்கட்சியின் பொய்யைச் சமையல்காரியே போட்டு உடைத்தார்.' அசென் சந்தோஷமாக ஒரு பாட்டில் ரக்கியாச் சாராயத்தோடு கீழே இறங்கி வந்தான்.

"நல்ல காரியம் பண்ணினேக்கா! நாளைக்கே போய் மேயர்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடு. வேலைய திருப்பிக் குடுத்துடுவாரு."

அவள் கறைபட்ட சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "பாட்டில எடுத்துட்டுப் போயிடு அசென். இல்லேன்னா உன் மண்டையிலதான் உடைப்பேன்" என்றாள்.

நெலி ஸ்பெயினிலிருந்து போனில் அழுதாள். அம்மாவின் முகத்தை வைத்து யாரோ கேலிப்படம் செய்து பரப்பியிருந்தார்கள், அது அவள் வேலை செய்யும் இடம்வரை போயிருந்தது. "நீ ஏம்மா வாயத் தொறந்தே?" என்றாள். அந்தக் கேள்விதான் ஸ்பாஸ்காவை உட்கார வைத்தது. ஊர் திட்டியதற்கு அசையாதவள் அன்று என் சமையலறையில் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. பெரும்பாலும் துருக்கியரும் ருமேனியரும் வரும் கடை. அவர்களுக்கு அவளைத் தெரியாது. அதுதான் அந்த வேலையில் பிடித்தது என்றாள்.

தேர்தல் வந்தது. நகராட்சிச் சதுக்கத்தில் சுட்ட கறியும் பீரும் இலவசம். மேயர் முன்பைவிட அதிக வாக்கில் ஜெயித்தார். அடுத்த மாதம் உள்ளூர் டிவியில் மேயரும் ஸ்டாமெனும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டாமென் இப்போது நகராட்சிச் செய்தித் துறைக்குத் தலைவன். 'ஊர் நலனுக்காக வேறுபாடுகளை மறந்தோம்' என்றான். மேயர் அவன் முழங்காலில் தட்டிக் கொடுத்தார். இந்த இரண்டு பேருக்காகத்தான் எங்கள் கட்டடத்தில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாமல் இருந்தோம்.

ஸ்பாஸ்கா என் வீட்டில்தான் அதைப் பார்த்தாள். பாதியிலேயே எழுந்து போனாள். அன்று தன் வீட்டு டிவியின் ஒயரைப் பிடுங்கி, அதன்மேல் துணிக்கூடையைக் கவிழ்த்து வைத்தாள். பத்திரிகை, போன், கட்சிக்காரன், அதிகாரி, ஒருவர் சொல்வதையும் இனி காதில் வாங்குவதில்லை என்று ஆனாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

வசந்தத்தில் ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் அணையில் புதிய வடிகட்டி வைத்தார்கள். குழாயில் தெளிந்த தண்ணீர் வந்தது. ஆனால் ஊர் முழுவதும் அதற்குள் சாலையோர ஊற்றுக்கு மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கார்களின் வரிசை திருவிழா போல நிற்கும். இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாக நின்றது அந்த ஒரு இடத்தில்தான். அசென்கூட அங்கேதான் பிடித்தான்.

"உன் மேயர்தான் குழாய்த் தண்ணி நல்லாருக்குன்னு சொல்றாரே?" என்று படியில் அவனை மடக்கிக் கேட்டேன்.

"மேயர நம்புறேன். தண்ணிய நம்பமுடியுமா?" என்றான், வெகு சீரியஸாக.

அப்போதுதான் டாக்டர் ஜெலேவா வந்தாள். மாவட்டச் சுகாதார அலுவலகத்து அம்மாள். மெலிந்த உடம்பு, பழைய கார். கட்டடம் கட்டடமாக நின்று பேசினாள். எங்கள் முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடினோம்.

"குழாய்த் தண்ணிய நானே எடுத்துச் சோதிச்சேன். இப்ப நல்லாருக்கு. போன வருஷம் மோசமா இருந்துச்சு, அப்பவும் நான்தான் மோசம்னு எழுதினேன். நீங்க குடிக்கிற ஊத்துதான் இப்ப சரியில்ல. மேல பன்னிப் பண்ணை போட்டிருக்காங்க. பனி உருகி, கழிவு இறங்குது. தயவுசெஞ்சு அதைக் குடிக்காதீங்க."

கூட்டம் சிரித்தது. கெட்டதை நல்லது என்றார்கள், இப்போது நல்லதைக் கெட்டது என்கிறார்கள் என்றார் ஒருவர். பாட்டில் தண்ணீர்க் கம்பெனிக்காரன் அனுப்பியிருப்பான் என்றார் இன்னொருவர். அப்போது என் பக்கத்திலிருந்து ஸ்பாஸ்காவின் குரல் எழுந்தது.

"எவ்வளவு வாங்கினீங்கம்மா?"

எல்லோரும் கைதட்டினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த ஊர் அவளுக்குக் கைதட்டியது. டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள், கோபப்படவில்லை. காரில் ஏறி அடுத்த கட்டடத்துக்குப் போனாள். நான் ஸ்பாஸ்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளிறியிருந்தது. தன் வாயிலிருந்து வந்தது எது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். விடுவிடுவென்று படியேறினாள்.

ஈஸ்டருக்குப் பிறகு அசெனுக்குக் காய்ச்சல். அப்புறம் வாந்தி. அப்புறம் கண் மஞ்சளானது. மாவட்ட மருத்துவமனைத் தொற்றுநோய்ப் பிரிவில் எங்கள் ஊர்க்காரர்களே வரிசையாகப் படுத்திருந்தார்கள். எல்லாம் மஞ்சள் காமாலை, எல்லாம் ஊற்றுத் தண்ணீர். மேயர் ஆளும் எதிர்க்கட்சி ஆளும் அடுத்தடுத்த கட்டில். அங்கேயும் எந்தச் சேனல் வைப்பது என்று சண்டை.

அந்த நடைபாதையில் ஸ்பாஸ்கா டாக்டர் ஜெலேவாவைப் பிடித்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது டாக்டரம்மா."

"கேட்டதுல தப்பில்ல. எல்லா ஊர்லயும்தான் கேக்குறாங்க. பதிலுக்குத்தான் யாரும் நிக்கிறதில்ல."

"ஊத்த மூட முடியாதா?"

"நகராட்சிதான் மூடணும். மூணு தடவை எழுதிட்டேன். பண்ணை யாரோடதுன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். மேயரின் சம்பந்தியுடையது.

மறுநாள் காலை, நெடுஞ்சாலைக் கடைக்கு வேலைக்குப் போகும் முன் ஸ்பாஸ்கா ஊற்றுக்குப் போனாள். தண்ணீர் விழும் குழாய் முன்னால் போய் நின்றுகொண்டாள். என்னையும் கூட்டிப்போனாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வண்டிகள் வந்து நின்றன.

"யாருடி நீ மறிக்கிறதுக்கு? போன வருஷம் ஒரு பேச்சு, இந்த வருஷம் ஒரு பேச்சா?" என்று ஒரு அம்மாள் கத்தினாள்.

"என்ன நம்ப வேணாம். டாக்டர நம்ப வேணாம். மேயர, டிவிய, எவனையும் நம்ப வேணாம். என் தம்பி தொற்றுநோய் வார்டுல ஜன்னலோரக் கட்டில்ல கெடக்கான். போய் அவன் கண்ணப் பாருங்க. பாத்துட்டு வந்தும் குடிக்கணும்னா, நானே உங்களுக்குப் பிடிச்சுத் தர்றேன்."

சிலர் அவளை இடித்துத் தள்ளிவிட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவன் காறித் துப்பினான். ஆனால் சிலர் நிஜமாகவே போய்ப் பார்த்தார்கள். அசென் என்னிடம் பின்னால் புலம்பினான், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து கட்டிலருகே குனிந்து தன் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்களாம், கண்காட்சி மாதிரி. போய்ப் பார்த்தவர்கள் திரும்ப ஊற்றுக்கு வரவில்லை. இரண்டாவது வாரம் ரலித்சா வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. ஸ்பாஸ்காவின் மறுபக்கத்தில் நின்றுகொண்டாள். கூட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. அடங்காதவர்கள் கடைசிவரை அடங்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் பிறகு அசெனின் வார்டுக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

ஊற்றில் ஆள் நடமாட்டம் நின்றுபோன பிறகு நகராட்சி விழித்துக்கொண்டது. ஊற்றைச் சுற்றி வேலி போட்டு, எச்சரிக்கைப் பலகை வைத்தது. அதற்கும் நாடா வெட்டினார்கள். மேயர் வெட்டினார், ஸ்டாமென் பக்கத்தில் நின்று கைதட்டினான், தெஸி படம் பிடித்தாள். 'மேயரின் விழிப்புணர்வால் பெரும் ஆபத்து தவிர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. பண்ணையைப் பற்றிப் பேச்சே இல்லை. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. தெற்கிலிருந்து காற்றடித்தால் எங்கள் ஜன்னல்வரை நாறும். டாக்டர் ஜெலேவாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அசென் வீட்டுக்கு வந்தான். கல்லீரல் தேறும்வரை எண்ணெய் கூடாது, ரக்கியாவை முகரவும் கூடாது. ஸ்பாஸ்கா இரண்டு வேளையும் கோழிச் சாறு வைத்து மேலே எடுத்துக்கொண்டு போனாள். ஒருநாள் நானும் ரொட்டியோடு கூடப் போனேன். அவன் சோபாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிவியில் நாடா வெட்டுவதை மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியாக்கா?" என்றான், கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை. "கடைசில ஊத்த மூடினது யாரு? மேயர்தானே? நீங்க என்னமோ சொன்னீங்க. அந்த மனுஷன் இல்லேன்னா ஊரே செத்திருக்கும்."

ஸ்பாஸ்கா தட்டோடு அப்படியே நின்றாள். சாற்றை அவன் தலையில் ஊற்றப்போகிறாள் என்றே நினைத்தேன். ஊற்றவில்லை. அவன் முன்னால் வைத்து, கரண்டியைத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"ஆறிடும். குடி" என்றாள்.

கீழே இறங்கும்போது படியில் பாதி வழியில் நின்று, தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, பர்ஸைத் திறந்து சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்ததும், "நாளைக்குக் கோழி வாங்கணும், சந்தைக்கு வர்றியா?" என்று கேட்டாள்.